2000 சிவிக் கூபேயா, 2001 சிஆர்-வி நாலு சில்லு இழுவையா? ஒன்ராறியோப் பனிக்கு எது?

#1 புதுச்சாவி

ரெண்டு கார் பார்த்து வைச்சிருக்கிறன். ரெண்டும் தனியார் விற்பனை, விலையில 500 டொலர்தான் வித்தியாசம்.

ஒண்டு 2000 ஹொண்டா சிவிக், ரெண்டு கதவு, 1.6 இஞ்சின், அஞ்சு கியர் மனுவல், 238,000 கி.மீ. மற்றது 2001 ஹொண்டா சிஆர்-வி, நாலு சில்லு இழுவை, ஓட்டோ, 261,000 கி.மீ.

ஓட்டம் ஸ்காபரோவில இருந்து பரி நகருக்கு, கிழமையில ரெண்டு தரம், 400ஆம் நெடுஞ்சாலையால. மிச்சம் உள்ளூர். வருசத்துக்கு 20,000 கி.மீ. மட்டில வரும். பரிப் பக்கம் ஏரிக்காத்தோட பனி கொட்டினா எப்பிடி எண்டு உங்களுக்குத் தெரியும். "பனிக்கு எஸ்யூவிதான்" எண்டு எல்லாரும் சொல்லுகினம். உண்மையோ? இந்த ரெண்டையும் பிரிச்சுப் பூட்டினவை சொல்லுங்கோ.

#2 கறள்வைத்தியர்

தம்பி, 25 வருசக் காருக்கு முதல் கேள்வி கறள். கூபேயோ எஸ்யூவியோ எண்டது ரெண்டாவது. காசு குடுக்க முதல் ரெண்டையும் லிஃப்டில ஏத்துங்கோ. ஒரு டோர்ச்சும் தட்டை ஸ்குறூட்றைவரும் போதும்.

சிவிக்கில முதல் பின்சில்லு வளைவு. வெளியால பெயின்ற் சின்னக் கொப்புளமா நிண்டால் உள்ளுக்கு அதைவிடப் பெருசாத் திண்டிருக்கும். பிறகு பூட் கம்பளத்தைத் தூக்கி ஸ்பெயார் ரயர் குழிக்குள்ள தண்ணி நிக்குதோ பாருங்கோ. பின் லைற் கஸ்கற் காய்ஞ்சு அதால தண்ணி இறங்கிறது 96 – 2000 சிவிக்கின்ர பழைய வியாதி. அப்பிடியே ரெண்டு பக்கமும் ஷொக் அப்சோபரின்ர மேல்முனை பூட்டியிருக்கிற தகட்டையும் தட்டிப் பாருங்கோ. தகரச் சத்தம் கேக்கவேணும். மொத்துச் சத்தம் கேட்டால் உள்ளுக்கு உக்கிப் போச்சு.

ரெண்டு காருக்கும் பொதுவா மூண்டு இடம். பெற்றோல் ஊத்திற மூடியில இருந்து டாங்கிக்கு இறங்கிற குழாய்: பின்சில்லு எறியிற உப்புச்சேறு அதிலதான் போய் ஒட்டும், டாங்கி நிரம்ப அடிச்ச உடன மணம் வந்தால் அது ஓட்டை. பிரேக் குழாய், முக்கியமா டாங்கிப் பக்கத்தால போற பகுதி. பின் ட்ரெய்லிங் ஆர்ம் (பின்சில்லை உடலோட பிணைக்கிற கை) புஷ்ஷும் அது பூட்டியிருக்கிற இடமும். அதில இருக்கிற நீட்டு ஆணி புஷ்ஷின்ர இரும்புக் குழலோட ஒட்டிப் போகும். கழட்டவே வராது, வெட்டித்தான் எடுக்கவேணும். அரை மணித்தியால வேலை அரை நாளாப் போறது அதாலதான்.

அடிப்பக்கம் முழுக்கப் புதுசாக் கறுப்பு அடிச்சிருந்தால் சந்தோசப்படாதையுங்கோ. விக்கிறதுக்கு முதல் கிழமை அடிச்ச கறுப்பு, ஸ்குறூட்றைவர் பட்ட உடன சீப்பாக் கழண்டு வரும்.

'சேஃப்ரி' பேப்பர் (ஒன்ராறியோப் பாதுகாப்புப் பரிசோதனைச் சான்றிதழ்) இருக்குதெண்டு விக்கிறவர் சொன்னால் திகதியைப் பாருங்கோ. அது 36 நாளைக்குத்தான் செல்லும். அண்டைக்குக் குறைஞ்சபட்சத் தரம் இருந்தது எண்டதுக்குத்தான் அது சாட்சி. அடுத்த மாரிக்கு உத்தரவாதம் இல்லை.

#3 மேட்டுவாசல்

கறள் ரெண்டிலயும் ஒரே அளவெண்டால் சிஆர்-வியை எடுங்கோ.

சிஆர்-விக்கு அடியில 205 மி.மீ. இடைவெளி. சிவிக்குக்கு 150 மட்டில. காலமை நகரசபை வண்டி வழிச்சுப்போட்டு வாசலில ஒரு வரம்பு விட்டிட்டுப் போகுமே, உப்பும் பனியும் சேர்ந்து கல்லு மாதிரி, அதில சிவிக் வயித்தால குந்தும். முன்சில்லு தரையில முட்டாமல் சுத்திக்கொண்டு நிக்கும். அந்த இடத்தில எந்த விண்டர் ரயரும் உதவாது. பரிப் பக்கம் 20 செ.மீ. விழுந்த அண்டைக்கு ஒழுங்கையால வெளிய வாறதே பாதி வேலை.

#4 ரயர்க்கணக்கு

வாசல் வரம்பு சரி, ஒத்துக்கொள்ளுறன். அதுக்கு மண்வெட்டி இருக்கு, பத்து நிமிச வேலை. 400இல 100 கி.மீ. வேகத்தில முன்னால நிக்கிற லொறிக்கு மண்வெட்டி இல்லை.

நாலு சில்லு இழுவை புறப்படுறதுக்கு உதவும், மேடு ஏற உதவும். பிரேக் அடிக்கேக்க எல்லாக் காரும் நாலு சில்லுக் கார்தான். சிவிக்கும் நாலு சில்லால நிக்கும், சிஆர்-வியும் நாலு சில்லால நிக்கும். அங்க தீர்மானிக்கிறது ரப்பர். வளைவில சறுக்கிறதும் அதே கணக்கு. சொல்லப்போனால் சிஆர்-வி சுமார் 1,430 கிலோ, சிவிக் கூபே 1,100 சொச்சம். சிஆர்-வி உயரமும் கூட, திடீரெண்டு லேன் மாத்தினால் கூடச் சாயும். புறப்படேக்க சறுக்காத கார் றோட்டு எவ்வளவு வழுக்குதெண்டு காட்டாது. நெடுஞ்சாலைப் பள்ளத்துக்குள்ள எஸ்யூவிகள் கிடக்கிறதுக்கு அதுதான் காரணம்.

7 பாகை செல்சியசுக்குக் கீழ ஓல்-சீசன் ரப்பர் இறுகத் தொடங்கும். விண்டர் ரயரின்ர ரப்பர் மெதுவா இருக்கும். பக்கத்தில மூண்டு சிகரம் உள்ள மலையும் அதுக்குள்ள பனித்துகளும் போட்ட அடையாளம் இருக்கவேணும், 'எம்+எஸ்' (சேறும் பனியும்) எழுத்து மட்டும் போதாது. ரயரில அடிச்சிருக்கிற டொட் எண்ணின்ர கடைசி நாலு இலக்கம் கிழமையும் வருசமும்: 3519 எண்டால் 2019ஆம் ஆண்டு 35ஆம் கிழமை. ஒன்ராறியோச் சட்டம் 1.5 மி.மீ. மிதி இருந்தால் விடும். பனிக்கு 4.8 மி.மீ.க்குக் கீழ போனால் மாத்துங்கோ.

அளவு: சிவிக்குக்கு 185/65ஆர்14, சிஆர்-விக்கு 205/70ஆர்15. சிவிக் ரயர் ஒண்டொண்டும் மலிவு, தனி இரும்பு றிம்மோட நாலு வாங்கினாலும் தாங்கும். றிம் மாறிப் போடாதையுங்கோ: சிவிக் 4 ஆணி, 100 மி.மீ. வட்டம், நடு ஓட்டை 56.1. சிஆர்-வி 5 ஆணி, 114.3 வட்டம், நடு ஓட்டை 64.1.

#5 மொன்றியல்காரன்

கியூபெக்கில இது விவாதமே இல்லை. டிசம்பர் 1இல இருந்து மார்ச் 15 வரைக்கும் விண்டர் ரயர் கட்டாயம், நாலு சில்லு இழுவை எண்டு விலக்குக் கிடையாது. ஒன்ராறியோவில கட்டாயம் இல்லாட்டியும் 2016 ஜனவரியில இருந்து காப்புறுதிக்காரர் விண்டர் ரயருக்குக் கழிவு குடுக்கவேணும். கேட்டு வாங்குங்கோ, தாங்களாச் சொல்லமாட்டினம்.

#6 வால்வுஇடைவெளி

ரயர் பேச்சு சரி. இஞ்சினைப் பற்றி இன்னும் ஒருவரும் வாய் திறக்கவில்லை.

சிஆர்-வியில் உள்ளது பி20 குடும்பம். 1999 முதல் வந்ததில் 146 குதிரைவலு. உறுதியான இஞ்சின்தான், ஆனால் ஒரு குணம் உண்டு: வெளியேற்று வால்வுகள் ஓட ஓட இருக்கையில் பதிந்து மேலே ஏறும், இடைவெளி குறைந்துகொண்டே போகும். சத்தம் போடுகிற வால்வு பயமில்லை, ஒயில் பார்க்கிற இடத்திலேயே யாராவது சொல்லிவிடுவார்கள். இறுகிய வால்வு சத்தமே போடாது. இடைவெளி பூச்சியமானால் வால்வு முழுதாக மூடாது, சூட்டை இருக்கைக்குக் கடத்தாது, விளிம்பு எரியும். அதற்குப் பிறகு இஞ்சின் தலையைக் கழற்றுவதைத் தவிர வழி இல்லை. காலையில் குளிர் இஞ்சின் நடுங்கி நின்று, சூடானதும் சரியாகிறதா? அல்லது சூட்டில் ஒரு சிலிண்டர் அமுக்கம் மட்டும் குறைகிறதா? அப்படியானால் அதைத்தான் சந்தேகப்பட வேண்டும்.

அளவு: உள்ளிழு 0.08 – 0.12 மி.மீ., வெளியேற்று 0.16 – 0.20 மி.மீ. வெளியேற்றை 0.20 பக்கமாகவே விடுங்கள், அது எப்படியும் இறுகத்தான் போகிறது. 48,000 கி.மீ.க்கு ஒருமுறை பார்ப்பது நல்லது.

செய்முறை: இஞ்சின் 38 பாகைக்குக் கீழே இருக்க வேண்டும். இரவு முழுக்க நின்ற காராக இருந்தால் நல்லது. மேல் மூடியைக் கழற்றி முதல் சிலிண்டரை அமுக்க உச்சத்துக்குக் கொண்டுவந்து அதன் வால்வுகளைச் சரிசெய்யுங்கள். பிறகு கிராங்கை 180 பாகை, அதாவது கேம் (வால்வுகளைத் திறக்கும் தண்டு) புள்ளியை 90 பாகை, இடஞ்சுழியாகத் திருப்பினால் 3ஆவது. அடுத்து 4, கடைசியாக 2. இந்த ஹொண்டாக்கள் இடஞ்சுழியாகச் சுற்றுபவை. வேறு கார்ப் பழக்கத்தில் வலமாகத் திருப்பினால் டைமிங் பெல்ட் பல் தாண்டக்கூடும். பூட்டு நட்டை இறுக்கும்போது திருகாணியும் கூடத் திரும்பிவிடும், அதனால் இறுக்கியபின் இடைவெளி அளக்கும் தகட்டை மறுபடி விட்டுப் பாருங்கள். தகடு இழுபட வேண்டும், ஆனால் மடங்கக் கூடாது.

சிவிக்கின் டி16 இஞ்சினிலும் இதே வேலை, இதே வரிசை, ஒரே ஒரு கேம் என்பதால் எளிது. உள்ளிழு 0.18 – 0.22, வெளியேற்று 0.23 – 0.27. அது இவ்வளவு வேகமாக இறுகுவதில்லை.

இரண்டுக்கும் டைமிங் பெல்ட் 168,000 கி.மீ. அல்லது 7 வருடம், எது முந்தியோ அது. 238,000 ஓடிய காரில் 'மாற்றியாச்சு' என்பதற்கு ரசீது இல்லையென்றால் மாற்றவில்லை என்றே கணக்குப் பண்ணுங்கள். பெல்ட் அறுந்தால் வால்வு பிஸ்டனில் இடிக்கும். தண்ணீர் பம்பையும் அந்தப் பெல்ட்தான் ஓட்டுகிறது, எனவே கூடவே மாற்றிவிடுங்கள்.

#7 புதுச்சாவி

ஐயா, நல்ல விளக்கம். சிஆர்-வி வித்தவர், பார்க்கிங்கில முழுசா வெட்டித் திருப்பேக்க பின்னால "ஊ..." எண்டு முனகும், நடுங்கும், அது எல்லாச் சிஆர்-விக்கும் உள்ளதுதான் எண்டார். உண்மையோ?

#8 கறள்வைத்தியர்

எல்லாத்துக்கும் வரும், ஒயில் மாத்தாத எல்லாத்துக்கும்.

பின் டிஃபரன்ஷியலுக்குள்ள (பின்சில்லுகளுக்கு வலுவைப் பிரிச்சுக் குடுக்கிற பெட்டி) ரெண்டு பம்ப். ஒண்டை முன்னால இருந்து வாற புரொப் ஷாஃப்ட் சுத்தும், மற்றதைப் பின்சில்லுகள் சுத்தும். ரெண்டும் ஒரே வேகமெண்டால் ஒண்டு தள்ளுற ஒயிலை மற்றது உறிஞ்சிப் போடும், அமுக்கம் வராது. முன்சில்லு சறுக்கி வேகமாச் சுத்தினால் மிச்ச ஒயில் கிளச்சை அமுக்கும், அப்பதான் பின்சில்லு இழுக்கும். அதாவது முன்னுக்கு முதல் சறுக்கவேணும், பிறகுதான் உதவி வரும். லொக் இல்லை, லோ கியர் இல்லை. ஜீப் மாதிரி எண்டு நினைச்சு எடுக்காதையுங்கோ.

ஒயில் கெட்டால் கிளச் விட்டு விட்டுப் பிடிக்கும். முனகல் அதுதான். சரிசெய்யிற விதம்:

ஹொண்டாவின்ர டூவல் பம்ப் ஃப்ளூயிட் மட்டும். கியர் ஒயில் 80டபிள்யூ-90 ஊத்தினால் கிளச் போச்சு. ஒயில் மாத்திற கடைக்கு "பின் டிஃப் ஒயில் மாத்து" எண்டு மட்டும் சொன்னால் அவன் அதைத்தான் ஊத்துவான், போத்தலை நீங்களே வாங்கிக்கொண்டு போங்கோ. ஒரு லீற்றர் பிடிக்கும், கொஞ்சம் கூட வாங்கி வையுங்கோ.

காரைச் சமனா உயர்த்தி, மேல் அடைப்பை முதல் கழட்டுங்கோ. இது முக்கியம். கீழ் அடைப்பைக் கழட்டி ஒயிலை வடியவிட்ட பிறகு மேல் அடைப்பு கறளில இறுகி வராட்டில் கார் நிண்ட இடத்திலதான். ரெண்டும் 3/8 சதுர ஓட்டை, ராட்செற் நேராப் போகும். ஓட்டைக்குள்ள மண்ணை வடிவாத் துடையுங்கோ, இல்லாட்டி மூலை உருண்டிடும். கீழ் அடைப்பின்ர காந்தத்தில சாம்பல் கூழ் மாதிரி ஒட்டியிருந்தால் சாதாரணம். துண்டு துண்டா உலோகம் இருந்தால் காரை விடுங்கோ. புது வொஷர் போட்டு 47 நியூட்டன் மீற்றருக்கு இறுக்கி, கைப்பம்பாலயோ குழாயாலயோ மேல் ஓட்டையால வழியத் தொடங்கும்வரை ஊத்துங்கோ.

பிறகு வெறும் பார்க்கிங்கில முழுசா வெட்டி மெதுவா இடப்பக்கம் ஒரு அஞ்சு நிமிசம், வலப்பக்கம் ஒரு அஞ்சு நிமிசம் சுத்துங்கோ. முனகல் மிச்சமிருந்தால் சில நூறு கி.மீ. ஓடி இன்னொருக்கா மாத்துங்கோ. ரெண்டு தரம் மாத்தியும் முனகினால் கிளச் தேய்ஞ்சு போச்சு.

பார்க்கப் போகேக்க இன்னொரு விசயம்: புரொப் ஷாஃப்ட் அங்க இருக்கோ எண்டு குனிஞ்சு பாருங்கோ. முனகல் தாங்காமல் கழட்டி எறிஞ்சிட்டு நாலு சில்லு எண்டு விக்கிற ஆக்களும் இருக்கினம்.

#9 ரயர்க்கணக்கு

இதோட ஒண்டு சேர்க்கிறன். அந்த ரெண்டு பம்பும் சில்லின்ர வேகத்தை ஒப்பிடுறபடியால், நாலு ரயரும் ஒரே பிராண்ட், ஒரே அளவு, கிட்டத்தட்ட ஒரே தேய்மானம் இருக்கவேணும். முன்னுக்குப் பழசு, பின்னுக்குப் புதுசு எண்டால் சுற்றளவு மாறி, நேர் றோட்டிலயும் கிளச் எந்நேரமும் உரசிக்கொண்டு சூடேறும். சிவிக்கில ஒரு சோடி மாத்தலாம், சிஆர்-வியில நாலு. பழுதாகி நிண்டால் முன்சில்லை மட்டும் தூக்கி இழுக்கவும் விடாதையுங்கோ, தட்டு லொறிதான் கேக்கவேணும்.

#10 ஸ்பார்க்மணி

சிவிக்கின்ர வருத்தங்களும் சொல்லவேணுமே, இல்லாட்டி ஒருபக்கக் கதையாப் போகும்.

மெயின் ரிலே, பெற்றோல் பம்புக்கு மின் குடுக்கிற பெட்டி. டாஷ்போட்டுக்குப் பின்னால இருக்கும். உள்ளுக்குப் பற்றாசு மயிர்க்கோடா வெடிக்கும். அடையாளம் வேடிக்கையானது: கோடையில கார் வெயிலுக்க நிண்டு உள்ளுக்குச் சுட்டால் ஸ்டார்ட் வராது, கண்ணாடி இறக்கிக் கொஞ்சம் ஆறவிட்டால் வரும். சாவியை 'ஒன்'இல விட்டுக் காது குடுங்கோ, பின்னால பெற்றோல் பம்ப் ரெண்டு செக்கன் உறுமவேணும். உறுமாமல் ஸ்டார்ட்டர் மட்டும் சுத்தினால் முதல் சந்தேகம் ரிலே. பெட்டியைத் திறந்து ஒவ்வொரு காலுக்கும் பழைய ஈயத்தை உறிஞ்சிப் போட்டுப் புது ஈயம் வைச்சால் செலவே இல்லை.

டிஸ்ட்ரிபியூட்டர். உள்ளுக்கு இருக்கிற இக்னைற்றர் சூட்டில சாகும், பெயரிங் சத்தம் போடும், பின்பக்க ஓ-றிங் கசிஞ்சு ஒயில் இஞ்சின் பக்கவாட்டால வழியும். ரிலேயும் டிஸ்ட்ரிபியூட்டரும் சிஆர்-வியிலயும் இருக்கு, அதால ரெண்டுக்கும் ஒரே சோதனை.

மனுவல் எண்டபடியால் கிளச் பெடலுக்கு மேல கம்பளத்துக்க கைவிட்டுத் தடவுங்கோ. ஈரமெண்டால் மாஸ்டர் சிலிண்டர் கசியுது. முன்னுக்குக் கியர்பெட்டியில இருக்கிற ஸ்லேவ் சிலிண்டரின்ர ரப்பர் உறையைத் தூக்கினால் தண்ணி மாதிரி வந்தால் அதுவும். ரெண்டையும் சோடியா மாத்துங்கோ. கியர்பெட்டி ஒயில் 1.8 லீற்றர், ஹொண்டா மனுவல் ஒயில்.

சிஆர்-வியின்ர ஓட்டோவுக்கு ஒரு வடிப்பில 2.9 லீற்றர்தான் வரும், உள்ளுக்கு இருக்கிறதில பாதியும் இல்லை. மிசின் வைச்சு 'ஃப்ளஷ்' பண்ண விடாதையுங்கோ. வடிச்சு ஊத்தி, ஓடி, திரும்ப வடிச்சு, மூண்டு தரம். இப்ப கிடைக்கிறது ஹொண்டாவின்ர டிடபிள்யூ-1 ஒயில்.

களவு பற்றியும் சொல்லவேணும். 1999, 2000 சிவிக் எஸ்ஐஆர் (வேகமான மாதிரி) ரெண்டு கதவு, கனடாவில அதிகம் களவு போற கார்ப் பட்டியலில வருசக்கணக்கா முன்னுக்கு நிண்டது. உங்கட கார் எஸ்ஐஆர் இல்லை, ஆனால் கதவும் பூட்டும் ஒண்டுதான், இம்மொபிலைசரும் (சரியான சாவி இல்லாட்டில் இஞ்சினைத் தடுக்கிற கருவி) இல்லை. ஸ்டியரிங் பூட்டு ஒண்டு வாங்குங்கோ.

#11 மேட்டுவாசல்

சிவிக்கில போறதெண்டால் பின்பெட்டிக்க (பூட்) நாலு மண்மூட்டை போட்டால் பிடிமானம் வரும்தானே?

#12 ரயர்க்கணக்கு

ஐயோ, வேண்டாம். அது பின்சில்லு இழுக்கிற பிக்கப்புக்கான வைத்தியம். சிவிக் முன்சில்லு இழுவை. பின்னுக்குப் பாரம் ஏத்தினால் முன்சில்லில பாரம் குறையும், புறப்படுறது இன்னும் கஷ்டமாகும். பின்பெட்டிக்க மண்வெட்டியும் சின்னப் பை பூனைமண்ணும் போதும், அதையும் சில்லுக்கு முன்னால கொட்டத்தான்.

#13 வால்வுஇடைவெளி

பெட்ரோல் கணக்கு ஒரு வரியில்: சிவிக் மனுவல் 100 கி.மீ.க்கு 7.5 – 8 லீற்றர், சிஆர்-வி ஓட்டோ 10.5 – 11. வருடம் 20,000 கி.மீ.க்கு சுமார் 600 லீற்றர் வித்தியாசம். டாங்கி சிவிக்குக்கு 45 லீற்றர், சிஆர்-விக்கு 58, எனவே ஒரு நிரப்பில் ஓடும் தூரம் கிட்டத்தட்டச் சமம்தான். இஞ்சின் ஒயில் வடிகட்டியோடு சிவிக்குக்கு 3.3, சிஆர்-விக்கு 3.8 லீற்றர்.

#14 புதுச்சாவி

ரெண்டையும் லிஃப்டில ஏத்தியாச்சு.

சிஆர்-வி: அடிப்பக்கம் நல்லாத்தான் இருக்கு, புரொப் ஷாஃப்ட் இருக்கு. ஆனால் நாலு ரயரும் மூண்டு பிராண்ட். டிஃப் காந்தத்தில கூழோட ரெண்டு மினுங்கல் துண்டு, நகவெட்டுத் துண்டு அளவு. வால்வு பார்த்த ரசீது இல்லை, பெல்ட் ரசீது இல்லை.

சிவிக்: இடப்பக்கப் பின்வளைவில விரல் போற ஓட்டை. ஷொக் தகடு நல்ல சத்தம். பூட் குழியில ஒரு அங்குலம் தண்ணி. டாங்கிப் பக்கம் பிரேக் குழாய் கறளில செதில் செதிலா, இன்னும் கசியேல்லை. பெல்ட், தண்ணிப் பம்ப் 190,000இல மாத்தின ரசீது இருக்கு, 2019.

#15 கறள்வைத்தியர்

அந்த ரெண்டு துண்டோட சிஆர்-வியை விட்டிடுங்கோ. டிஃப், நாலு ரயர், பெல்ட், வால்வு எல்லாம் சேர்த்தால் வாங்கின விலையைத் தாண்டும்.

சிவிக்கில வளைவு ஓட்டை அழகுப் பிரச்சினை மாதிரித் தெரியும், ஆனால் சேஃப்ரிக்கு அடைக்கச் சொல்லுவினம். தகடு வெட்டி வெல்ட் பண்ணச் சொல்லுங்கோ, பேப்பரும் பசையும் வைச்சு மூடவிடாதையுங்கோ. பிரேக் குழாய் செதில் வந்தால் முடிஞ்சுது. பின்பக்கம் முழுக்கச் செப்பு-நிக்கல் குழாயில மாத்துங்கோ, துண்டு போட்டு ஒட்டுறேல்லை. கறள் பிடிச்ச இடத்துக்கு அடுத்த இடம் ஆறு மாசத்தில விடும். லைற் கஸ்கற் ரெண்டு பக்கமும் புதுசு. பெல்ட் கி.மீ. கணக்கில நிக்கும், வருசக் கணக்கில 2026ஓட முடியுது, அதை அடுத்த மாரிக்கு முதல் செய்யுங்கோ. இதெல்லாம் எழுதி விலையில கழிக்கக் கேளுங்கோ. இலையுதிரில அடிப்பக்கத்துக்கும் கதவுக்குள்ளயும் ஒயில் அடிச்சு விடுங்கோ, வருசா வருசம்.

#16 ரயர்க்கணக்கு

விண்டர் ரயர் போடேக்க ஹப் முகத்தில இருக்கிற கறளைக் கம்பித் தூரிகையால சுரண்டிப் போட்டு றிம்மை வையுங்கோ, இல்லாட்டி றிம் சரியாப் படியாது. நட்டு 19 மி.மீ. சொக்கற், குறுக்கு மறுக்கா, 108 நியூட்டன் மீற்றர். காத்துத் துப்பாக்கியால அடிச்சு விடுற கடையெண்டால் வீட்டை வந்து டோர்க் குறடால ஒருக்காப் பாருங்கோ. 100 கி.மீ. ஓடின பிறகு திரும்பவும் ஒருக்கா.